எதிர்ப்பக்கம் போன தபால் ஆபீஸ்

“உங்க ஆபீஸ் இன்னைக்கு எதிர்ப்பக்கம் போயிடுச்சாமே?”

“அதுவாப் போகல. நீ போகச் சொன்ன.”

“நான் எங்கங்க போகச் சொன்னேன்? இடது பக்கம் இருக்குன்னுதான் சொன்னேன்.”

“அதான் போயிடுச்சு.”

“உங்களுக்கு ஏதாவது சிரமமா?”

“எனக்கென்ன சிரமம்? ரோட்டைத் தாண்டுற வேலை மிச்சம். எங்க ஆபீசர்தான் பாவம், பழக்கதோஷத்துல நேரா செருப்புக்கடைக்குள்ள போய் உட்கார்ந்துட்டாரு. கடைக்காரன் அவர் காலைப் பிடிச்சு அளவெடுக்கிற வரைக்கும் அவருக்கு உறைக்கல.”

பல வருடங்கள் கழித்தும் கணவனும் மனைவியும் இந்தப் பேச்சை மறக்கவில்லை. தபால்காரர் அதைச் செருப்புக்கடைக்காக ஞாபகம் வைத்திருந்தார். அவர் மனைவியோ, அன்று சாயங்காலம் அவரிடம் வேறொன்றைக் கேட்க வாயெடுத்து, கடைசியில் கேட்காமல் விட்டதற்காக ஞாபகம் வைத்திருந்தாள்.

நடந்தது இதுதான். கடைகள் திறந்து சற்று நேரத்தில், கடைத்தெருவின் வலப்பக்கம் இருந்த இரண்டு மாடித் தபால் நிலையம் இடப்பக்கத்துக்கு வந்தது. அங்கே இருந்த செருப்புக்கடை மரியாதையாக வழிவிட்டு வலப்பக்கம் போனது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. வயதானவர் நாற்காலியிலிருந்து எழும்போது தொண்டையைச் செருமுவாரே, அவ்வளவுதான். உள்ளே தபால்தலையை நாக்கில் நனைத்துக்கொண்டிருந்த பெண்மணி அதை உறையில் ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். தன் சைக்கிள் ஏன் சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது என்பதைத் தவிர அவளுக்கு வேறு சந்தேகம் எழவில்லை. கூரைப் புறாக்கள் மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டன. நிழல்தான் கொஞ்சம் மந்தம். அது பழைய இடத்திலேயே கிடந்துவிட்டு, மறுநாள் காலைதான் கட்டடத்தோடு சேர்ந்துகொண்டது.

இதற்குக் காரணமானவளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். அவளைத் தபால்காரர் மனைவி என்றுதான் ஊருக்குத் தெரியும். அப்படித் தெரிந்ததும் பாதிதான். ஏனென்றால் எங்கே போனாலும் அவர் முன்னால் போவார், அவள் பின்னால் வருவாள். தபால்காரருக்குப் பொல்லாத நடை. அவர் தெருவில் இறங்கினால் நாய்கள்கூடத் துரத்துவதை யோசித்துத்தான் ஆரம்பிக்கும். கெட்ட மனிதர் இல்லை. மனைவி மேல் உயிர். பின்னால் வரும் அவள் செருப்புச் சத்தம் காதில் விழுந்துகொண்டிருந்தால் போதும், உலகம் ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடப்பார். அதனால் திரும்பிப் பார்த்ததே இல்லை. அவளோ இருபத்துச் சொச்சம் வருடமாக அவர் சட்டையின் முதுகைப் பார்த்தே சந்தைக்கும் மருத்துவரிடமும் உறவினர் வீடுகளுக்கும் போய் வந்தவள். எந்தத் திருப்பம் இடது, எந்தத் திருப்பம் வலது என்று அவள் கவனிக்க வேண்டியிருக்கவில்லை. முதுகு திரும்பினால் அவளும் திரும்புவாள்.

கல்யாணமான முதல் வாரத்திலேயே, கொஞ்சம் மெதுவாக நடக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. “ஏங்க” என்று ஆரம்பித்தாள். “என்ன?” என்றார் அவர், நடந்துகொண்டே. “ஒண்ணுமில்ல” என்றாள். அந்த ஒண்ணுமில்லையை அப்புறம் பல்லாயிரம் தடவை சொல்லியிருப்பாள். சில விஷயங்களை முதல் வாரத்தில் கேட்டால் அது ஒரு வார்த்தை. இருபது வருடம் கழித்துக் கேட்டால் வழக்கு. அவளுக்கு வழக்கு வேண்டாம்.

ஊருக்கு ரயில் வந்த பிறகு வெளியூர்க்காரர்கள் கழுத்தில் கேமராவோடு வந்து இறங்க ஆரம்பித்தார்கள். ஆற்றங்கரையில் சலவைக்கடைக்கு மேல் மாடியில், சுற்றுலா வழிகாட்டிகளுக்கான பயிற்சி நிலையம் ஒன்று திறந்தது. ஒரே மகள் வேலைக்காக வேறு ஊர் போய், வீட்டில் பேச்சுத் துணை குறைந்திருந்த சமயம். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். விஷயத்தைக் கேள்விப்பட்ட மகள் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். “அம்மா, நீயா கைடு? நீ இந்த ஊர்ல அப்பா முதுகைத் தவிர வேற எதையாவது பார்த்திருக்கியா?”

“அதனாலதான்டி சேர்ந்தேன்” என்றாள் அம்மா.

வகுப்பை நடத்தியது குடை மேடம் என்று எல்லோரும் அழைத்த ஒரு முப்பது வயதுப் பெண். வெயிலானாலும் மழையானாலும் விரிக்காத ஒரு சிவப்புக் குடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடிதான் நடப்பாள்; வீட்டில் சமையலறைக்குப் போகும்போதும் அப்படித்தான் என்று பேச்சு. கீழேயிருந்து சலவை ஆவி தரை இடுக்கு வழியாக மேலே வரும். பயிற்சிக்கு வந்தவர்களின் உடைகள் கசங்கியதே இல்லை. அங்கே முதல் பாடம் பின்னால் நடப்பது. கூட்டத்தைப் பார்த்தபடி, சிரித்த முகத்தோடு, குழி மேடு பார்க்காமல், பேசிக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். மாடி வராந்தாவில் நாற்காலிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு மேடம் நடக்கவிட்டாள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் எல்லா நாற்காலியிலும் முட்டி எல்லாவற்றிடமும் மன்னிப்புக் கேட்டார். தபால்காரர் மனைவி மட்டும் ஒன்றிலும் இடிக்கவில்லை. எதிரே முகங்கள் வரிசையாக வருவது அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. மனிதர்களுக்கு முன்பக்கம் என்று ஒன்று இருப்பதும், பேசினால் அது மாறுவதும், ஒரு நல்ல கதைக்கு அது விரிவதும் பெரிய கண்டுபிடிப்பாகப் பட்டது. ராத்திரி சாப்பாட்டுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்து வர, தபால்காரர் குழம்பைக் காப்பாற்ற எழுந்து நின்றார்.

இரண்டாவது பாடம் கூட்டத்தைக் கட்டி மேய்ப்பது. கடைசியில் அசைந்து வருகிறவருக்குத் தொழிலில் வால் என்று பெயர். முன்னால் ஓடுகிறவர் முந்திரிக்கொட்டை. “வாலைப் பத்திக் கவலைப்படாதீங்க, அது எப்படியும் உடம்போட வந்துடும்” என்பாள் மேடம். “முந்திரிக்கொட்டையை மட்டும் விட்டுடாதீங்க. ஒருத்தர் உங்களைத் தாண்டிப் போனா, கூட்டம் அவர் பின்னால போயிடும். அப்புறம் நீங்க கைடு இல்ல, சும்மா தெருவுல பேசிட்டு நிக்கிற பொம்பளை.” தபால்காரர் மனைவி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். தன் வீட்டிலேயே ஒரு முந்திரிக்கொட்டை இருப்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது பாடத்தில்தான் தபால் நிலையம் நகர்ந்தது. வழிகாட்டி கூட்டத்தைப் பார்த்து நிற்பதால் அவருடைய வலது, கூட்டத்துக்கு இடது. எப்போதும் கூட்டத்தின் பக்கத்தைத்தான் சொல்ல வேண்டும். ஏற்கெனவே இடம் வலம் தெரியாதவளுக்கு இது தலையைச் சுற்றியது. முதல் நடைப் பயிற்சியில் கடைத்தெருவில் நின்று, இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு இடது பக்கத்தில் நீங்கள் காண்பது நமது மதிப்புக்குரிய தபால் நிலையம்” என்று அழகாக அறிமுகம் செய்தாள். எல்லோரும் இடது பக்கம் திரும்பினார்கள். அங்கே செருப்புக்கடை இருந்தது. பிறகு தபால் நிலையம் இருந்தது.

அந்த மாதம் நூலகம் மாறியது. சத்தமே போடாமல் மாறியது, அதன் பழக்கம் அது. அருங்காட்சியகம் உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு சாலையைக் கடந்தது. பிள்ளைகள் இன்னொரு தடவை என்று கேட்டார்கள். நீதிமன்றம் மட்டும் உடனே அசையவில்லை. மூன்று வாய்தா வாங்கிக்கொண்டு நாலாம் நாள் நகர்ந்தது. நகராட்சிப் பொறியாளர் அளவு நாடாவோடு வந்து ஒவ்வொரு கட்டடத்திலும் குழாயைத் திறந்து பார்த்தார். தண்ணீர் வந்தது. அதற்கு மேல் அவர் கேள்வி கேட்கவில்லை. ஊர்க்காரர்களும் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். பயிற்சி நடக்கும் கிழமைகளில், எங்கே போவதானாலும் தெருமுனையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனார்கள். அதனால் சாலை விபத்துகள் குறைந்தன என்று போக்குவரத்துக் காவலர் சொன்னார்.

கட்டடங்கள் ஏன் அவள் பேச்சைக் கேட்கின்றன என்பதற்கு முடிதிருத்துகிறவர் ஒரு காரணம் வைத்திருந்தார். “இத்தனை வருஷமா அதுங்களை இடிச்சாங்க, பூசினாங்க, ஆணி அடிச்சாங்க. யாராவது ஒருத்தர் மதிப்புக்குரியன்னு கூப்பிட்டிருப்பாங்களா? அந்தம்மா கூப்பிட்டா நான்கூட நகருவேன்” என்று அவர் கத்தரிக்கோலை ஆட்டிச் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை, முக்கியமாக நாற்காலியில் இருந்தவர். ஊர் அவளுக்கு இடப்பக்கத்தம்மா என்று பெயர் வைத்தது. கண்ணாடிக்கடைக்காரர் தன் கடையை வெயில் விழும் பக்கம் மாற்றித் தரும்படி கெஞ்சினார். பல் மருத்துவர், தன் மருத்துவமனையைப் பாட்டு வகுப்புக்கு எதிரே இல்லாமல் செய்ய முடியுமா, நோயாளிகளின் அலறலும் மாணவர்களின் பாட்டும் ஒன்றோடொன்று கலந்து பெயர் கெடுகிறது என்றார். பாவப்பட்டு ஒரு தடவை முயன்று பார்த்தாள். ஒன்றும் நகரவில்லை. “தெரிஞ்சே தப்பு பண்ண எனக்கு வரலீங்க” என்று சொல்லிவிட்டாள். மனதார நம்பிச் சொன்ன தப்புக்குத்தான் அவை மதிப்பு கொடுத்தன.

தபால்காரருக்கு இதில் பெருமை உண்டு. அதை அவர் தனக்குத் தெரிந்த வழியில் காட்டினார். காலையில் பையைத் தோளில் மாட்டும்போது, “இன்னைக்கு எதையெல்லாம் நகர்த்தப் போற?” என்று கேட்பார்.

“மணிக்கூண்டுப் பக்கம் போறோம். நகர்த்தணும்னு இல்லங்க.”

“சரி சரி, அப்ப அங்க முதல்ல குடுத்துட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் பறந்துவிடுவார். ஊரே தலைகீழானாலும் அவர் கையால் ஒரு கடிதம் மாறிப் போனதில்லை. அவர் கால்களுக்கு வீடு தெரியும். வீடு எங்கே நிற்கிறது என்பது அவற்றுக்கு முக்கியமில்லை.

உரிமத் தேர்வுக்குத் தலைநகரத்திலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். எந்நேரமும் ஜலதோஷம் பிடித்த, கறாரான மனிதர். அவருடைய விதி ஒன்றுதான்: வழிகாட்டி சொல்வதும் பயணி காண்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். தபால்காரர் மனைவி, வலப்பக்கம் இருந்த பழைய சிறைச்சாலையை இடப்பக்கம் என்றாள். அவர் கைக்குட்டையிலிருந்து முகத்தை எடுத்துத் திரும்பிப் பார்ப்பதற்குள் சிறைச்சாலை இடப்பக்கம் இருந்தது. சொன்னதும் கண்டதும் ஒன்று என்று முழு மதிப்பெண் போட்டார். அவள் தோற்றது வேறு இடத்தில். கூட்டத்தில் உயரமான ஒரு மர வியாபாரி இருந்தார். பாதி வழியில் அவருக்கு ஏதோ அவசரம் வந்து, அவளைக் கடந்து விறுவிறுவென்று முன்னால் நடந்தார். அகலமான சட்டை முதுகு ஒன்று கண்ணெதிரே போவதைப் பார்த்ததும், அவள் பேச்சை அப்படியே நிறுத்தி, திரும்பி, தலையைக் குனிந்துகொண்டு அதன் பின்னால் போக ஆரம்பித்தாள். கூட்டம் அவள் பின்னால் வந்தது. மர வியாபாரி தன் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்து, உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தபோது, வாசலில் தேர்வாளர் உட்பட எல்லோரும் நின்றார்கள். அவர் மனைவி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள்.

குடை மேடத்துக்கு அழுகையே வந்துவிட்டது. “ஏம்மா, ஒரு சிறைச்சாலையை இடம் மாத்துறீங்க. ஒரு ஆளைப் பார்த்து, சார் கொஞ்சம் இருங்கன்னு சொல்ல முடியாதா?”

“வாய் வரல மேடம்.”

“இன்னும் ஒரே ஒரு தடவைதான் தேர்வு எழுத விடுவாங்க. அதுலயும் போச்சுன்னா, அப்புறம் நீங்க வீட்டுலதான் பின்னால நடக்கணும்.”

அந்தப் பேச்சு அவளைச் சுட்டது. வீட்டில் அவள் பின்னால்தான் நடந்துகொண்டிருந்தாள். அது வேறு மாதிரிப் பின்னால். முகங்களைப் பார்த்துப் பழகிவிட்ட பிறகு மறுபடி ஒரு முதுகோடு வாழ்க்கையை ஓட்ட முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, “கொஞ்சம் இருங்க”, “கொஞ்சம் நில்லுங்க” என்று சொல்லிப் பழகினாள். வாளி நின்றது. குழாய்கூட ஒரு தடவை நின்றது. ஆனால் சமையலறைக்கு வந்து கணவர் முதுகைப் பார்த்ததும் பழைய ஒண்ணுமில்லைதான் வாயில் வந்தது. மகளிடம் போனில் விஷயத்தைச் சொன்னாள். “அப்பாகிட்ட சொல்லிப் பழகேன்மா, அவர்தான் உலக மகா முந்திரிக்கொட்டை” என்றாள் மகள். “போடி” என்று வைத்துவிட்டாள். அதுதான் சரியான மருந்து என்று தெரிந்ததால் வந்த கோபம் அது.

இரண்டாவது தேர்வன்று கூட்டத்துக்கு ஆள் குறைந்தது. வெளியூர்க்காரர்கள் யாரும் ரயிலில் வரவில்லை. ஊர்க்காரர்களைத்தான் கெஞ்சிக் கூட்டி வர வேண்டியிருந்தது. முடிதிருத்துகிறவர் வந்தார், கண்ணாடிக்கடைக்காரர் வந்தார், மர வியாபாரி தன் மேல் தப்பிருப்பதாக நினைத்து மனைவியோடு வந்தார். “நானும் வரேன், இன்னைக்கு லீவுதான்” என்றார் தபால்காரர். “நீங்க எதுக்குங்க, வெயில்ல...” என்று அவள் இழுத்தாள்.

“நான் சும்மா ஒரு ஓரமா வரேன். நீ பேசுறதை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே.”

சொன்னபடியே முதல் தெரு முழுவதும் ஓரமாகத்தான் வந்தார். வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். தான் தினம் கடிதம் போடும் கட்டடங்களுக்கு இத்தனை கதைகள் இருப்பதும், தன் மனைவிக்கு இப்படி ஒரு குரல் இருப்பதும் அவருக்குத் தெரியாது. பக்கத்தில் வந்த முடிதிருத்துகிறவரிடம் அவளைக் காட்டி, “என் சம்சாரம்” என்று, அவருக்குத் தெரியாததைப் போலச் சொன்னார். ஆனால் இரண்டாவது தெரு அவர் தபால் போடும் தெரு. அங்கே திரும்பியதும் கால்கள் தாமாகவே வேகம் பிடித்தன. கூட்டத்தைத் தாண்டினார். தேர்வாளரைத் தாண்டினார். பின்னால் நடந்தபடி பேசிக்கொண்டிருந்த மனைவியைத் தாண்டும்போது, வழக்கம்போல, திரும்பிப் பார்க்காமல், “வா” என்றார்.

அவள் தடுமாறினாள். வங்கியை வலது என்றாள். அது சாலையைக் கடந்தது. பள்ளிக்கூடத்தை இடது என்றாள், அதுவும் கடந்தது. மருந்துக்கடை எந்தப் பக்கம் என்று அவள் சொல்வதற்குள் பாதிச் சாலையில் வந்து நின்று உத்தரவுக்குக் காத்திருந்தது. தபால்காரர் எதற்கும் நடையைத் தளர்த்தவில்லை. குறுக்கே வந்த வங்கியைச் சுற்றிக்கொண்டு, அதன் காவலாளிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். அவர் அவ்வளவு நம்பிக்கையோடு நடந்ததால் கூட்டத்தின் கண்கள் அவர் பின்னால் போயின. கண்களுக்குப் பின்னால் கால்கள் கிளம்பின. மர வியாபாரி மட்டும் தன் மனைவியின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். தேர்வாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனாவின் மூடியைக் கழற்றினார். கூட்டத்தின் கடைசியில் குடை மேடம், முதல் தடவையாகக் குடையை விரித்து, அதன் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தபால்காரர் மனைவி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டக்கூடாது என்ற விதியை மீறி, திரும்பினாள். தெருக்கோடியில் அதே சட்டை முதுகு சின்னதாகிக்கொண்டிருந்தது. அவள் காலில் இருந்தது பயிற்சிக்காக வாங்கிய ரப்பர் காலணி. அது சத்தம் போடாது. அவராகத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. பின்னால் போவதா, உரிமமா என்று முடிவு செய்ய அவளுக்கு ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது.

அந்த வட்டாரத்தில் இன்று யாரைக் கேட்டாலும் மீதியைச் சொல்வார்கள். அவளுக்கு உரிமம் கிடைத்தது. கூட்டத்தை அடக்கும் திறன் என்ற இடத்தில் தேர்வாளர் ‘தெருவையும் சேர்த்து’ என்று எழுதினார். வங்கியும் பள்ளிக்கூடமும் அன்று போய் நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கின்றன. மருந்துக்கடை நடுச்சாலையில் இருக்கிறது. வண்டிகள் அதை இரண்டு பக்கமும் சுற்றிப் போகின்றன, மாத்திரை வாங்குவது சுலபமாகிவிட்டது என்கிறார்கள். பாட்டு வகுப்பு தானாகவே ஒருநாள் பல் மருத்துவமனைக்குப் பின்னால் போய்விட்டது. அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை என்பதால் அதை யாரும் அவள் கணக்கில் சேர்க்கவில்லை. ஊரின் வரைபடத்தை இப்போது பென்சிலில்தான் போடுகிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஆச்சரியப்படுவதுண்டு; இரண்டு நாள் தங்கினால் அவர்களுக்கும் சரியாகிவிடும்.

அன்று தேர்வுக்காகப் பயிற்சி நிலையத்தில் கொடுத்து, அவள் சட்டைக் காலரில் குத்தியிருந்த சின்ன மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். அதனால் தெரு முழுவதும், கடைகளும், பள்ளிக்கூட ஜன்னல்களில் எட்டிப் பார்த்த பிள்ளைகளும், தெருக்கோடியில் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்ட தபால்காரரும் அதைக் கேட்டார்கள். குளியலறையில் பழகிய வார்த்தைகள் ஒன்றும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. இருபத்துச் சொச்சம் வருடம் காத்திருந்தது தானாகவே வழி கண்டுபிடித்து வெளியே வந்தது.

“ஏங்க... கொஞ்சம் நில்லுங்க. என் பக்கத்துல நடந்து வாங்க. இடதோ வலதோ, எந்தப் பக்கமா இருந்தாலும் சரி.”